ஏகாம்பரம் வழி விட்ட நாள்

எங்க தெருவுல யாரு செத்தாலும் மொத போன் சொந்தக்காரனுக்குப் போவும், ரெண்டாவது போன் எனக்கு வரும். "ண்ணா, ரோடு டூட்டி." அவ்ளோதான் சொல்லுவானுங்க. நான் அம்பத்தூர் எஸ்டேட்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன், பேரு ஏகாம்பரம். சூப்பர்வைசர் காலுல கையில வுயுந்து லீவு சொல்லிட்டு, செவப்புத் துண்டைத் தலையில கட்டிகினு, விசிலைக் கழுத்துல மாட்டிகினு வந்துருவேன். பாரிவாக்கத்துல சாவு ஊர்வலம் போவ சொல்ல முன்னால நடந்து வண்டிங்கள ஓரங்கட்டுறது நம்ம வேல. யாரும் என்ன அப்பாயின்ட் பண்ணல. நானா ஒரு நாள் ஆரம்பிச்சேன், அப்பால ஊரே எந்தலையில கட்டிடுச்சு.

நம்ம சட்டம் ரொம்ப சிம்பிள். எதுர்ல வர்றவன் ஓரமா நிக்கணும். பின்னால வர்றவன் பின்னாலயே வரணும், பொணத்த ஓவர்டேக் பண்ணிகினு போவக் கூடாது. ஹாரன், மூச்! வண்டியில பாட்டு ஓடினா அமுத்தணும். எவனாச்சும் போன எடுத்து வீடியோ புடிச்சான்னு வெச்சுக்க, அந்த போன் நேரா ஏரிக்குத்தான் போவும். ஆம்புலன்சு வந்தா ஒண்டி நான் ஒதுங்குவேன், மொத்தக் கூட்டத்தையும் ஒதுக்குவேன், உசுரு முக்கியம். மத்தபடி கலெக்டரே வந்தாலும் நிக்கணும். பின்ன இன்னாய்யா? மனுசன் கடைசியா ஒரு தபா ரோட்டுல போறான். உசுரோட இருக்க சொல்ல அவனுக்கு எவன் வழி வுட்டான்? ஷேர் ஆட்டோ வுட்டானா, தண்ணி லாரி வுட்டானா? செத்த அன்னிக்காச்சும் நடு ரோட்டுல ராஜா மாதிரி போவட்டுமே.

இதனால எனக்குக் கெட்ட பேரு உண்டு. கோவக்காரன், வாய்த் துடுக்கு, சண்டக்காரன். இருக்கட்டும். பூந்தமல்லி - ஆவடி ரோட்டுல டெய்லி ஓட்டுற டிரைவருங்க அத்தினி பேருக்கும் இந்த செவப்புத் துண்டு தெரியும். தூரத்துல பாத்தாலே எஞ்சினை ஆஃப் பண்ணிருவானுங்க.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெயம பக்தவத்சலம் மாமா போயிட்டாரு. விடியகாத்தால டீ போட்டு எடுத்துகினு போன தாயம்மா அத்தை எயுப்பிப் பாத்துருக்கு, எந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டாரு மனுசன். நல்ல சாவு. சின்ன வயசுல எந்தக் கழனியில கூலிக்கு நாத்து நட்டாரோ, அதே எடத்துல பெரிய ஃப்ளாட் கட்டிட்டானுங்க. அங்கயே வாட்ச்மேனா கேட்டாண்ட குந்திகினு இருந்தாரு. யாரு வம்புக்கும் போவாதவரு.

அவருக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் லோகநாதன், ஆவடியில ஏசி மெக்கானிக்கு. பொண்ணு விஜி. விஜி கூட வேல செஞ்ச ஜஸ்டின்ன்ற பையனக் கட்டிகினு ஓசூருக்குப் போயி ஆறு வருசம் ஆவுது. அவன் வேதக்காரப் பையன், வேற ஜாதி வேற. அன்னிக்கு எங்க தெருவே ரெண்டாச்சு. மாமாவோட தம்பி வரதன் கீறாரே, அவருதான் பங்காளிங்க எல்லாரையும் கூட்டி வெச்சு, "இனிமே அந்தப் பேர இந்த ஊட்டுல யாரும் சொல்லக் கூடாது"ன்னு தீர்ப்பு சொன்னவரு. மாமா வாயத் தொறக்கல. அத்தை அயுதுச்சு. லோகு தலையக் குனிஞ்சுகினு நின்னான். அதோட அந்தப் பொண்ணு பேரு தெருவுல கேட்டதே இல்ல.

செத்த அன்னிக்கும் சொல்லி அனுப்பல. நல்லதுக்குக் கூப்புட்டாப் போவணும், கெட்டதுக்குக் கூப்புடாமயே போவணும்னு சொல்லுவாங்க. சரி, ஆனா கெட்டது நடந்துச்சுன்னாச்சும் தெரியணும் இல்ல? பக்கத்து ஊட்டு ஜமீலாதான் யாருக்கும் தெரியாம மாடிக்குப் போயி ஓசூருக்கு போன் போட்டுருக்கு. நல்லா இருக்கணும் அந்தப் பொம்பள.

இதெல்லாம் எனக்குப் பொணத்த எடுக்கப் போற நேரத்துலதான் தெரிஞ்சுது. மணி மூணு ஆவப் போவுது. பறை செட்டுக்காரங்க தெருவுல நெருப்பு மூட்டிப் பறையக் காச்சிகினு கீறாங்க. தள்ளு வண்டி மேல பூப்பாடை ரெடி. நான் விசிலைத் தொடச்சிகினு நிக்கிறேன். தாயம்மா அத்தை பொம்பளைங்க கூட்டத்துலருந்து எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சு, தண்ணி டிரம்முக்குப் பின்னால இஸ்துகினு போச்சு.

"ஏகாம்பரம், எம்பொண்ணு வந்துகினு கீறாடா. காஞ்சிபுரம் கூட்டு ரோட்டத் தாண்டிட்டாளாம். அவங்க அப்பன் மூஞ்ச ஒரே ஒரு தபா பாத்துக்கட்டும்டா."

"வரதன் மாமாகிட்ட சொன்னியா அத்தை?"

"சொன்னேன். அவ இந்தத் தெருவுல கால வெச்சா நான் பாடையில கைய வெக்க மாட்டேன்னுட்டான். நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள நெருப்பு வெச்சே ஆவணும்ன்றான். பங்காளிங்க எல்லாம் அவன் பக்கம்."

"லோகு இன்னா சொல்றான்?"

"அவன் ஒண்ணுமே பேசலடா." அத்தை மூக்கத் தொடச்சிகிச்சு. "நான் ஒன்னும் பெருசா கேக்கல. ரோட்டுல நீதானே முன்னால போற. கொஞ்சம் மெதுவா இட்டுகினு போ."

எனக்கு அப்போ வந்துச்சு பாரு கோவம்! வரதன் மேல, லோகு மேல, ஆறு வருசமா வாயத் தொறக்காத எம்மேலயும்தான். பெத்த மனம் பித்துன்றது சும்மாவா? கட்டின புருசன் பொணமாப் படுத்துகினு கீறான், இந்தப் பொம்பள பொண்ணுக்காக ஒரு அர மணி நேரம் பிச்ச கேக்குது. "அத்தை, நீ அயுவாத. விஜி மூஞ்சப் பாக்காம மாமா ஏரி ரோடு திரும்ப மாட்டாரு, நான் பொறுப்பு"ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வந்த அப்பாலதான் எப்புடிடா பண்றதுன்னு யோசிச்சேன்.

ஏன்னா எங்க தெரு வழக்கம் அப்புடி. பொம்பளைங்க தெரு முனையோட நின்னுருவாங்க. சுடுகாடு ஏரிக்கரையாண்ட கீது. மெயின் ரோட்டுலருந்து ஏரி ரோட்டுல பாடை திரும்பிடுச்சுன்னா அப்பால எந்தப் பொம்பளையும் வரக் கூடாது. வேற எடத்துல பொண்ணுங்களே கொள்ளி வெக்கிறாங்கன்னு சொல்றாங்க, சந்தோசம், எங்க தெருவுக்கு இன்னும் அது வந்து சேரல. அதனால விஜி அப்பன் மூஞ்சப் பாக்கணும்னா மெயின் ரோட்டுல பாத்தாத்தான் உண்டு. பொணத்தப் பாதியில சும்மா நிறுத்தவும் கூடாது, பின்னால தள்ளவும் கூடாது. நிக்கணும்னா ஊருக்கு ஒரு காரணம் சொல்லணும்.

தெருமுனையில பொம்பளைங்க அயுகைய முடிச்சுத் திரும்புனாங்க. லோகு ஈர வேட்டியோட கொள்ளிச்சட்டியத் தூக்கிகினு முன்னால நடக்குறான். அவன் பக்கத்துல வரதன், வாட்ச்சப் பாத்துகினே வர்றாரு. பறை அடிக்குது, பசங்க ஆடுறானுங்க, பூவ வாரி எறைக்கிறானுங்க. மெயின் ரோட்டுல கால வெச்ச ஒடனே எனக்கு ஐடியா வந்துச்சு. ரோடு நெறைய வண்டி வருது. இத்தினி வருசமா எவனுக்கும் வழி வுடாத நான், இன்னிக்கு எல்லாருக்கும் வழி வுட்டா இன்னா? ஒவ்வொரு வண்டியும் போற வரைக்கும் பாடை நின்னுதானே ஆவணும்?

மொதல்ல எதுர்ல ஒரு ஷேர் ஆட்டோ. கையத் தூக்கிப் பாடைய நிறுத்தினேன். ஆட்டோக்காரனப் பாத்து, "வா வா, நீ போ"ன்னேன்.

அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "இல்ல ண்ணா, நான் நிக்கிறேன். நீ போ."

"போடான்னா!"

"ண்ணா, டெஸ்ட்டு பண்றியா? நான் ஹாரன் கூட அடிக்கல ண்ணா." எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு சாவியக் கையில எடுத்துக் காட்டுறான். உள்ள குந்திகினு இருந்த ஆளுங்க வேற கன்னத்துல போட்டுகிறாங்க. கருமம், அவன் நகரவே இல்ல. பாடை நகந்துடுச்சு.

அடுத்தது ஸ்கூட்டர்ல ஒரு பொண்ணு. ஐடி கம்பெனி பொண்ணு போல, முதுகுல பையி. எங்களப் பாத்த ஒடனே எறங்கி, வண்டிய ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டக் கயட்டிக் கையில வெச்சிகினு நிக்குது. "நீ போம்மா, லேட்டாவும் ஒனக்கு"ன்னேன். "பரவால்ல அங்கிள், நீங்க போயிட்டு வாங்க"ன்னுச்சு. சாவு ஊர்வலத்தப் பாத்துப் போயிட்டு வாங்கன்னு! சிரிக்கிறதா அயுவுறதான்னு தெரியல. நல்ல பொண்ணு, ஆனா நான் வேண்டிகினது நல்ல பொண்ணு இல்ல, அவசரத்துல பூந்து போற ஒரு கெட்ட பொண்ணு.

தண்ணி லாரிக்காரன் இன்னும் மோசம். எவனுக்கும் நிக்காத ஜாதி அது. அவன் லாரிய ஓரங்கட்டி, கீய குதிச்சு, செருப்பக் கயட்டிட்டான். "எதுர்ல பொணம் வந்தா நல்ல சகுனம் நைனா. கும்புட்டுட்டுத்தான் போவேன்." ஆவடி பக்கத்துலருந்து ஒரு மிலிட்டரி வண்டி வந்துச்சு. சரி, இவனாச்சும் போவான், கவுருமென்டு வண்டின்னு கைய ஆட்டுனேன். டிரைவர் பக்கத்துல குந்திகினு இருந்த வடநாட்டு ஜவான் எறங்கி, வெறைப்பா நின்னு, பக்தவத்சலம் மாமாவுக்கு ஒரு சல்யூட்டு வெச்சான் பாரு. வாட்ச்மேன் வேலையில மாமா காலம் பூரா அடிச்ச சல்யூட்டெல்லாம் ஒட்டுமொத்தமாத் திரும்பி வந்துடுச்சு. ஆனா பாடை நிக்கல, அது பாட்டுக்குப் போவுது.

இத்தினி வருசம் திட்டித் திட்டி இந்த ரோட்ட நான் அப்புடிப் பயக்கி வெச்சிருக்கேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்களே, இங்க அந்தப் பூசாரியே நாந்தான்.

வரதன் பக்கத்துல வந்தாரு. "இன்னா ஏகாம்பரம், ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ரோட்டுல போற வர்றவனுக்கெல்லாம் வணக்கம் வெச்சிகினு கீற?"

"இல்ல மாமா, போன தபா எவனோ டேசன்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டான். கொஞ்சம் பதமாப் போவச் சொல்லிக்கிறாங்க."

"பதமாவா? நீயா?" மேலயும் கீயும் பாத்தாரு. "நாலரைக்கு ராகு காலம். ஞாபகம் வெச்சுக்க."

பாக்கெட்டுல போன் துடிச்சுது. ஜமீலா. "ண்ணா, பூந்தமல்லியில பஸ்ஸ வுட்டு எறங்கிட்டா. ஆட்டோ ஏறிட்டா. டிராஃபிக்கு ஜாஸ்தியா கீதாம். எங்க கீறீங்க?"

எங்க கீறோம்? ஏரி ரோடு திருப்பம் கண்ணுக்குத் தெரியுது. பசங்கள ஆட வுட்டேன், சரவெடிய ரெண்டு தபா கொளுத்தச் சொன்னேன், பறைக்காரர் ஆனந்தன்கிட்ட கண்ணக் காட்டி இன்னொரு சுத்து அடிக்க வெச்சேன். எல்லாம் முடிஞ்சுது. வரதன் சும்மா இருக்கல, "நடங்கடா, நடங்கடா"ன்னு பின்னாலருந்து தொரத்துறாரு. விஜி வர்ற ஆட்டோ இன்னும் ரெண்டு சிக்னல் தாண்டணும். நான் அத்தைகிட்ட குடுத்த வாக்கு அந்தத் திருப்பத்துல செத்துரும் போல கீது.

அப்பத்தான் ஏரி ரோட்டுலருந்து வெளிய வந்துகினு இருந்த ஒரு வெள்ளைக் கார், எங்களப் பாத்துட்டு சரியா திருப்பத்து வாயிலயே நின்னுச்சு. டிரைவர் சீட்டுல கண்ணாடி போட்ட ஒரு ஆளு. மெயின் ரோட்டுக்கு வந்துரக் கூடாதுன்னு மரியாதையா நின்னுட்டாரு. இன்னும் கொஞ்சம் பின்னால எடுத்தா பாடை உள்ள போயிரும். அவரும் பின்னால திரும்பிப் பாத்து ரிவர்ஸ் கியரப் போடுறாரு.

நான் ஓடினேன். காரு பானெட்டுல பட்டுன்னு தட்டினேன்.

"யோவ், இன்னாத்துக்கு ஹாரன் அடிச்ச?"

அவரு பயந்துட்டாரு. "ஹாரனுங்களா? நான் அடிக்கவே இல்லீங்களே."

"பொய் சொல்றியா? சாவுன்னா மரியாத இல்ல? எறங்குய்யா கீய!" கத்தினேன். பின்னால கூட்டம் நின்னுச்சு. அதான் வேணும். அப்புடியே ஜன்னல்ல தலைய வுட்டு, மெதுவா சொன்னேன். "சார், நீங்க ஹாரன் அடிக்கல. எனக்குத் தெரியும். ஒங்க கால்ல வேணா வுயுறேன், காரப் பின்னால எடுக்காதீங்க. செத்தவரோட பொண்ணு ஆட்டோவுல வந்துகினு கீது. உள்ள திரும்பிட்டா அது அப்பன் மூஞ்சப் பாக்க முடியாது. இவங்க பாக்க வுட மாட்டேன்றாங்க."

அவரு என்னப் பாத்தாரு. அப்பால பாடையில கட்டியிருந்த போட்டோவப் பாத்தாரு. கண்ணாடியக் கயட்டிட்டு மறுபடி பாத்தாரு.

"இவரு... எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அய்யாங்களே? நேத்து ராத்திரி கூட கேட்டத் தொறந்து வுட்டாருங்களே?" என் பக்கம் திரும்பினாரு. "ஓசூர் பொண்ணுங்களா வர்றது? விஜிங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஒங்களுக்கு எப்புடி சார் தெரியும்?"

"டெய்லி சொல்லுவாருங்க. எம்பொண்ணு ஓசூர்ல பெரிய கம்பெனியில டீம் லீடரா இருக்குது, பேரனுக்கு ஒரு வயசுன்னு. வீடியோ கால்ல பேச எம்போனத்தான் வாங்கிப் பேசுவாருங்க."

ஆறு வருசமா எங்க தெருவுல ஒரு தபா கூட வாயில வராத பேரு. அந்த மனுசன் தெரியாதவங்ககிட்ட டெய்லி சொல்லிகினு இருந்துருக்காரு. எங்ககிட்ட சொல்ல வழியில்லாம எவன் எவன்கிட்டயோ போன் கடன் கேட்டு பேரனப் பாத்துருக்காரு. எனக்கு அங்கயே நடு ரோட்டுல குந்தி அயுவணும் போல இருந்துச்சு.

அந்த சாரு பேரு திருமுருகன், ஈரோட்டுப் பக்கம். அப்பால கேட்டுத் தெரிஞ்சிகினேன். மனுசன் சட்டுன்னு காரோட சாவியத் திருப்பி எஞ்சினை ஆஃப் பண்ணாரு. கதவத் தொறந்து எறங்கினாரு. ஊரே கேக்கற மாதிரி ஒரு கத்து கத்தினாரு பாரு: "ஆமாங்க! அடிச்சனுங்க! அப்படித்தானுங்க அடிப்பேன்! என்ன பண்ணுவீங்க?"

அப்புடி மரியாதையா சண்ட போட்ட ஆள நான் பாத்ததே இல்ல. சட்டையப் புடிடான்னு நான் கண்ணக் காட்டினா, எஞ்சட்டையில தூசி தட்டுற மாதிரி ரெண்டு வெரல வெக்கிறாரு. இருந்தாலும் நல்லாத்தான் கத்தினாரு. பசங்க ஓடியாந்து எங்க ரெண்டு பேரையும் வெலக்குறானுங்க. நான் வெலக்க வெலக்கத் துள்றேன்.

வரதன் வந்துட்டாரு. "சார், ஒங்க சண்டைய அப்பால வெச்சுக்கங்க. வண்டிய எடுங்க."

திருமுருகன் சார் உள்ள குந்தி சாவியத் திருப்புற மாதிரி திருப்பிட்டு, "ஸ்டார்ட் ஆக மாட்டீங்குதுங்க"ன்னாரு.

"தள்ளுங்கடா!"ன்னு நான்தான் மொதல்ல கைய வெச்சேன். பசங்களும் கைய வெச்சானுங்க. ஹேண்ட் பிரேக்கப் போட்டு வெச்ச காரு எங்க நகரும்? "ஏலேலோ"ன்னு கத்துனதுதான் மிச்சம். ஒருத்தன், "பாடையக் கொஞ்சம் பின்னால எடுத்து சுத்திகினு போவலாமே"ன்னான். "பொணத்தப் பின்னால தள்ளுவியாடா? ஒங்கப்பன் பொணத்தத் தள்ளுவியா?"ன்னு கேட்டேன். தலையச் சொறிஞ்சுகினு பின்னால போயிட்டான்.

வரதன் குனிஞ்சு காருக்குள்ள பாத்தாரு. மூஞ்சி மாறிப் போச்சு. "இன்னாய்யா இது, பிரேக்கு போட்டு கீது?" உள்ள கைய வுடப் போனாரு.

அதே நேரம் ரோட்டோட அந்தாண்ட ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு.

விஜிதான். ஆறு வருசத்துல கொஞ்சம் இளைச்சுப் போயிருக்கு. வந்த சுடிதாரோட, தலை கலைஞ்சு, கண்ணு வீங்கி. பின்னால அந்த ஜஸ்டின் பையன், தோள்ல தூங்குற கொயந்தையோட ஆட்டோவாண்டயே நின்னுட்டான். பறை தானா நின்னுச்சு. அந்தப் பொண்ணு ஓடியாரும், பாடை மேல வுயுந்து பொரளும், வரதனும் பங்காளிங்களும் இஸ்துப் போடுவானுங்க, நான் குறுக்க பூந்து வாங்கிக் கட்டிக்கணும்னு ரெடியா நின்னேன்.

அது வரவே இல்ல. ரோட்டோரத்துல அப்புடியே நின்னுச்சு. செருப்பக் கயட்டுச்சு. ரெண்டு கையயும் கூப்பிச்சு. அந்த ஸ்கூட்டர் பொண்ணும் தண்ணி லாரிக்காரனும் எப்புடி நின்னாங்களோ அப்புடி. யாரோட சாவோ போவுது, நான் வழியில போறவ, ஓரமா நின்னு கும்புட்டுட்டுப் போறேன்ற மாதிரி. கிட்ட வர உரிமை இருக்குன்னு கூட அதுக்குத் தோணல.

அடப்பாவிங்களா, பெத்த பொண்ண இந்த நெலமையில நிக்க வெச்சுட்டோமே!

"லோகு!" வரதன் கத்தினாரு. "பாத்துகினு நிக்கிற? கொள்ளி வெக்கிறவன் நீ. சொல்லுடா அவள, வந்த வழியே போவச் சொல்லு."

எல்லாரும் லோகுவப் பாத்தோம். கொள்ளிச்சட்டியக் கீய வெக்கக் கூடாது. ரெண்டு கையிலயும் அதப் புடிச்சிகினு, பொகை மூஞ்சியில அடிக்க நிக்கிறான். எனக்கு அவன் மேல ஒரு நம்பிக்கையும் கெடையாது. அப்பன் செத்தும் வாயத் தொறக்காதவன் இன்னிக்கா தொறக்கப் போறான்?

"ஏகாம்பரண்ணா," லோகு சொன்னான், "எந்தங்கச்சிய இட்டுகினு வா."

வரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. லோகு அவரப் பாக்கவே இல்ல. என்னத்தான் பாத்தான். "இன்னா ண்ணா மொறைக்கிற? நீ ஒருத்தன்தான் மெதுவா வந்தேன்னு நெனச்சியா? கொள்ளிச்சட்டிய வெச்சிகினு கீறவனத் தாண்டி எவனாச்சும் போவ முடியுமா? நான் நடந்திருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சு ஊட்டுக்குப் போயிருப்போம். சித்தப்பா எம்முதுகுல கைய வெச்சுத் தள்ளிகினே வந்தாரு. நான்தான் அடி அடியா வெச்சேன்."

ரோட்டுல போற வண்டிங்களயே பாத்துகினு வந்தேனே, எனக்குப் பின்னால ஒருத்தன் அடி அடியா வந்ததத் திரும்பிப் பாக்கலியே! அவனும் வாயத் தொறக்காமயே தங்கச்சிக்காகக் காத்துகினு இருந்துக்கிறான். சண்டக்காரன் நான் பண்ணத வுட, பயந்தாங்கொள்ளின்னு நான் நெனச்சவன் பண்ணது பெருசு.

விசில எடுத்து ஊதினேன். மெயின் ரோட்டுல ரெண்டு பக்கமும் கையக் காட்டினேன். அத்தினி வண்டியும் நின்னுச்சு. ரோட்டுக்கு நடுவுல அந்தப் பொண்ணு ஒருத்தி ஒண்டி வெறும் காலோட நடந்து வந்துச்சு. நான் தள்ளு வண்டி ஓரத்துல ஏறி மாலைங்கள ஒதுக்கினேன். மாமா மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. விஜி கன்னத்தத் தொட்டுச்சு, "ப்பா"ன்னுச்சு. "நேத்து எம்புள்ள மொத தபா நடந்ததக் காட்டலாம்னு போன் பண்ணேன்பா, அந்த சாரு எடுக்கலப்பா"ன்னுச்சு. காருக்குள்ள திருமுருகன் சார் ஸ்டியரிங் மேல தலைய வெச்சிகினாரு.

"அவளுக்கு அரிசி குடுங்க"ன்னான் லோகு. சுடுகாட்டுல போடுறதுக்குத் துணியில முடிஞ்சு வெச்சிருந்த வாய்க்கரிசிய யாரோ அவுத்து நீட்டினாங்க. மூணு தபா போட்டுச்சு அந்தப் பொண்ணு. பாதி அரிசி மாலையில வுயுந்துச்சு. வரதன் ரோட்டோரம் போயித் திரும்பி நின்னுகினாரு. கெளம்பிப் போயிருவாருன்னு நெனச்சேன், போவல. எம்மாங் கோவம் இருந்தாலும் கூடப் பொறந்தவன நடு ரோட்டுல வுட்டுட்டுப் போவ அவருக்கும் கால் வரல போல.

ராகு காலம் வந்துடுச்சான்னு யாரும் வாட்ச்சப் பாக்கல.

கொஞ்ச நேரம் கயிச்சு லோகு தங்கச்சிகிட்ட வந்து நின்னான். கை ரெண்டும் சட்டியப் புடிச்சிகினு கீது, கண்ணத் தொடைக்கக் கூட முடியல. தண்ணி தாடி வரைக்கும் ஒயுவுது.

"விஜி," ன்னான். "அப்பாவ இட்டுகினு போவட்டா?"

கேட்டான்யா. ஆம்பளைங்க அத்தினி பேரு நிக்கிற எடத்துல, பங்காளிங்க முன்னால, அந்தப் பொண்ணுகிட்ட உத்தரவு கேட்டான். விஜி துப்பட்டாவால அவன் கண்ணத் தொடைச்சு வுட்டுச்சு.

"இட்டுகினு போ ண்ணா. நான் ஓசூருக்குத் திரும்பிப் போறதுக்கு முன்னால அம்மாவ ஒரு தபா தூரத்துலருந்து பாத்துட்டுப் போறேன்."

"தூரத்துலருந்து இன்னாத்துக்கு?" லோகு கேட்டான். "ஊட்டுக்குப் போ. கொயந்தைக்கு எதுனா குடு, பசியோட இருக்கும். ஜஸ்டினயும் இட்டுகினு போ. அம்மா தனியா கீது, நான் வந்துர்றேன்."

அந்த ஊட்டுக்குப் போன்னு ஆறு வருசத்துல அதுகிட்ட ஒருத்தரும் சொன்னதில்ல. விஜி வண்டி சக்கரத்தப் புடிச்சிகினு அப்புடியே குந்திடுச்சு. ஜஸ்டின் ஓடியாந்து தூக்கினான். எவனும் அவனத் தடுக்கல.

திருமுருகன் சார் காரு ஒரே தபாவுல ஸ்டார்ட் ஆச்சு. பின்னால எடுத்து வழி வுட்டாரு. வரதன் வந்து பாடையில கைய வெச்சாரு. பறை ஆரம்பிச்சுது. நான் செவப்புத் துண்டால மூஞ்சத் தொடைச்சிகினு முன்னால போனேன். திருப்பத்துல ஒரு தபா திரும்பிப் பாத்தேன். விஜி கொயந்தையத் தோள்ல போட்டுகினு எங்க தெருவப் பாத்து நடந்து போயிகினு இருந்துச்சு.